பல் தெரியாத போட்டோ

நம் ஒன்பதாம் வகுப்பு போட்டோவை யாரோ தேடிப் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு முகம், ஒரு பல்கூடத் தெரியவில்லை. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் அடிச்சாங்களா?" என்று கேட்டாள்.

யாரும் அடிக்கவில்லை. போட்டோ எடுத்தவர் "சிரிங்க, சிரிங்க" என்று தொண்டை வறளக் கத்தினார். அவர் கத்தக் கத்த நாம் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டோம். காரணம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தது போல இருப்பவர்கள் சிலர் குழுவில் இருக்கிறீர்கள், அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு இருப்பவள் நான்.

அந்தப் போட்டோ எதற்கு எடுத்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நம் பள்ளியில் நடந்த முதல் தொழில் வழிகாட்டி நாளுக்காக. அதோடு சேர்த்து அறிவியல் கண்காட்சியும் வைத்தார்கள். இண்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு நாள் வைக்கலாம் என்று அதற்கு முன் யாருக்கும் தோன்றியதில்லை, ஹெட்மாஸ்டருக்குத்தான் தோன்றியது. தர்மபுரிக்கு எத்தனையோ நடை பஸ் ஏறி, ஒவ்வொரு ஆபீஸ் வாசலாகக் காத்திருந்து, டாக்டர், பேங்க் மேனேஜர், விவசாய ஆபீசர், இன்ஜினியர் என்று ஆளாளுக்கு நாள் கேட்டு வந்தார். நமக்கோ டீச்சர், போலீஸ், நர்ஸ், கண்டக்டர், இவற்றைத் தாண்டி உலகத்தில் வேலை இருப்பதே தெரியாது. அதனால் அந்த மனுஷரை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். கும்பிட்டுவிட்டு, திட்டவும் செய்வேன்.

வரவேற்புரை சொல்ல என்னைத்தான் தமிழ் ஐயா தேர்ந்தெடுத்தார். கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல் என்றார். ஒரு முழுநீளத் தாளில் அவரே எழுதிக் கொடுத்தார். "அகமும் முகமும் மலர வருக வருக என வரவேற்கிறோம்" என்ற வரியில் குரலை ஏற்றி, ஒரு நொடி நிறுத்த வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், அம்மாவுக்கு அவரைக்காய் உரித்துக் கொடுக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவின் பழைய ஊதாத் தாவணியை அம்மா துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள்.

ஒத்திகை பார்க்க ஹெட்மாஸ்டர் வந்தார். நான் அகமும் முகமும் மலர்ந்து அந்த வரிக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பல்லு ஏம்மா இப்பிடி இருக்குது?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"வெளக்குறியா இல்லியா? டாக்டரெல்லாம் வந்து முன்னாடி உக்காந்திருப்பாங்க. இப்பிடி காவியடிச்ச பல்லோட நின்னீன்னா நம்ம பள்ளிக்கூடத்தப் பத்தி என்னா நெனைப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, தமிழ் ஐயாவிடம், "அந்தப் பாத்திரக்கடைக்காரர் மகளுக்கு பல்லு நல்லாருக்குதுங்க. அது சொல்லட்டும்" என்றார்.

தாளை என் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து தொடங்கியது நம் எல்லாருக்கும் பூசை. ஹெட்மாஸ்டர் காலையில் கேட்டில் நிற்பார். கையில் ஒரு இரும்பு ஸ்கேல். "ஈ காட்டு" என்பார். ஈ காட்டினால் "போ, போய் வெளக்கிட்டு வா" என்று குழாயடிக்கு விரட்டுவார். செங்கல் தூள், உமிக்கரி, அடுப்புச் சாம்பல் என்று எதைத்தான் நாம் விட்டோம்? கடைசி வரிசைக்காரர் ஒருவர் அரத்தாலேயே ராவிப் பார்த்தார். பெயர் சொல்லமாட்டேன், இன்று அவர் குழுவின் அட்மின். எனக்கு ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், பல் அப்படியே பழுப்பாகச் சிரிக்கிறது.

வீட்டிலும் இதே கதைதான். எங்கள் அப்பா தினமும் காலையில் போர் மேடையில் நின்றுகொண்டு, "அக்காளப் பாரு, பல்லு முத்து மாதிரி. நீ வெளக்கறியா, வெளக்கற மாதிரி நடிக்கறியா?" என்பார். அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். கல்யாணமாகிப் பாலக்கோட்டுக்குப் போன பிறகும் அவள் பல் என்னை விடவில்லை.

போர் என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பெரிய வறட்சி வந்தது. தெருக் கிணறு வற்றிப்போக, எங்கள் அப்பாதான் தெருவிலேயே முதல் போர் போட்டார். பாறையைக் குடைந்து குடைந்து தண்ணீர் பீறிட்டபோது தெருவே கூடித் தேங்காய் உடைத்ததாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பெயர் போர்க்கார வூடு. யார் குடம் கொண்டுவந்தாலும் அப்பா இல்லையென்று சொல்ல மாட்டார். "எம் போர் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பார். நல்லது கெட்டதுக்குத் தண்ணீர் டிரம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அப்பாவுக்கு நிலம் கொஞ்சம்தான், படிப்பு இல்லை. ஊரில் அவர் நிமிர்ந்து நடந்தது அந்தத் தண்ணீரால்தான்.

கண்காட்சிக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அறிவியல் டீச்சர் வகுப்பில் கேட்டார். பாதிப் பேர் எரிமலை என்றீர்கள், மீதிப் பேர் அந்தரத்தில் தொங்கும் குழாய். எனக்கு உள்ளே குமுறிக்கொண்டிருந்தது. எழுந்து, "பல்லு, டீச்சர்" என்றேன்.

"பல்லா? பல்லுல என்ன செய்வ?"

"நாங்க வெளக்கறோம்னு காட்டுவேன், டீச்சர்."

வகுப்பே சிரித்தது. வாயை மூடிக்கொண்டுதான். டீச்சரும் சிரித்துவிட்டு, "சரி, ஏதோ செய்யி" என்றார்.

அன்று மாலை பாத்திரக்கடைக்காரர் மகள் என் பின்னாலேயே வந்தாள். அவர்கள் மூன்றாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் வெளியூரிலிருந்து வந்து நம் தெருவில் குடியேறியவர்கள்.

"நான் கேக்கலடி. அவரா குடுத்தாரு" என்றாள்.

"சரி, போ."

"எங்க தங்கச்சி பல்லும் உன்னுது மாதிரிதான் இருக்குது. நாங்க ஒரே பொடியிலதான் வெளக்கறோம். எங்க அத்தா தெனமும் அவளத்தான் திட்டுறாரு."

நான் நின்றுவிட்டேன். அவர்கள் வீட்டிலும் பெரியவளுக்கு வெள்ளை, சின்னவளுக்குப் பழுப்பு. எங்கள் வீட்டிலும் அதே. இரண்டு வீட்டிலும் இளையவர்கள் மட்டும் சோம்பேறிகளாகப் பிறந்துவிட்டார்களா?

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நாங்கள் இருவரும் உங்கள் வாயைத் திறந்து பார்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வாய்க்கு ஒரு கொடுக்காப்புளி. நோட்டில் நாலே நாலு நிறம் வைத்திருந்தோம்: பால், டீ, வரக்காப்பி, வெல்லப்பாகு. என்ன நிறம், சின்ன வயதில் எங்கே இருந்தாய், எந்தத் தண்ணீர் குடித்தாய், இவ்வளவுதான் கேள்வி. அட்மினுக்கு மட்டும் நாலு கொடுக்காப்புளி தேவைப்பட்டது.

பிறகு சார்ட் பேப்பரில் ஊரை வரைந்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் வீட்டில் ஒரு புள்ளி. வைக்க வைக்க எங்களுக்கே வியர்த்தது. போர் இல்லாத, ஏரிக்கரைக் கிணற்றில் இறைத்துக் குடிக்கிற குடிசைப் பிள்ளைகளின் பற்கள் எல்லாம் பால். நாம் ஏளனமாகப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அடி பம்ப் இருக்கிற தெருவில் டீ. எங்கள் தெருவில் பாத்திரக்கடைக்காரர் மகள் ஒருத்தியைத் தவிர எல்லாம் வரக்காப்பி, வெல்லப்பாகு. கரும்பழுப்புப் புள்ளிகள் எல்லாம் மொய்த்துக்கொண்டு நின்றது ஒரே ஒரு கட்டத்தைச் சுற்றி. அந்தக் கட்டம் போர்க்கார வூடு.

"உங்க வூட்ட உட்டுடலாம்டி. அந்த எடத்துல ஒரு மரம் வரஞ்சிடலாம். யாரு எண்ணப் போறாங்க?" என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்து.

நான் சரியென்றேன். கட்டத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, பச்சை வண்ணத்தில் புளியமரம் வரைந்தோம். எல்லாரும் வருகிற நாள் அது. அப்பா தண்ணீர் டிரம்மோடு வண்டி கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். விருந்தாளிகள் குடிக்கிற தண்ணீரும் எங்களுடையதுதான். அவரை அத்தனை பேர் முன்னால் நான் எப்படிக் குறை சொல்வேன்?

அந்த நாளும் வந்தது. பாத்திரக்கடைக்காரர் மகள் வரவேற்புரை சொன்னாள். "அகமும் முகமும் மலர" வந்ததும் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துவிட்டு, அந்த வரியை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். தமிழ் ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். அவளை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்துப்போனது, இன்று வரை விடவில்லை.

பேங்க் மேனேஜர் பேசினார். அடுத்து டாக்டர் எழுந்தார். டாக்டராவது எப்படி என்று நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் முன்வரிசையைப் பார்த்தவர், "வேல, படிப்பெல்லாம் அப்பறம். மொதல்ல எல்லாரும் ஒழுங்கா பல்லு வெளக்குங்க. இந்தப் பல்லோட போனா எவனும் வேல குடுக்க மாட்டான்" என்றார்.

பந்தலே சிரித்தது. ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டினார். பின்னால் டிரம் பக்கத்தில் நின்ற அப்பாவும் ஒரு அரைச் சிரிப்பு சிரித்தார். சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் அவருக்கு வெட்கம். அந்தக் குனிந்த தலையை என்னால் தாங்க முடியவில்லை. நேராக வகுப்பறைக்குள் ஓடிப்போய், சார்ட்டிலிருந்த புளியமரத்தைக் கிழித்துப் போட்டேன்.

கண்காட்சி பார்க்க எல்லாரும் வந்தார்கள். எரிமலையில் நுரை பொங்கியது, கைதட்டல் பொங்கியது. எங்கள் சார்ட்டைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. கடைசியாக ஒரு ஒல்லியான ஆள் வந்து நின்றார். குடிநீர் பரிசோதிக்கிற இடத்தில் வேலை. இன்ஜினியர் வர முடியாமல் அவருக்குப் பதிலாக வந்தவர். பேசுவதற்கு அவரை மேடைக்கே கூப்பிடவில்லை.

அவர் சார்ட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, "இது யாரு வூடும்மா?" என்றார்.

அப்பா அவருக்குக் கொடுக்க ஒரு சொம்பில் தண்ணீரோடு என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"எங்க வூடுங்க" என்றேன். "இது எங்க போர். அங்க தண்ணி குடிச்சு வளந்தவங்களுக்குத்தான் பல்லு இப்பிடி இருக்குதுங்க. நாங்க எல்லாரும் தெனமும் வெளக்கறோம். ரத்தம் வர்ற வரைக்கும் வெளக்கறோம்."

ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். "பெரியவர வெச்சுக்கிட்டு என்னா பேச்சு இது!"

"இருங்க சார்" என்றார் ஒல்லி மனிதர். எங்கள் தெருவிலிருந்த ஒரே பால் புள்ளியைத் தொட்டுவிட்டு, பாத்திரக்கடைக்காரர் மகளைக் காட்டி, "இந்தப் பொண்ணும் அதே தண்ணிதான குடிக்குது?" என்று கேட்டார்.

"அவ எட்டு வயசுல வந்தவங்க. அவ தங்கச்சி ஒரு வயசுல வந்தவ. அவளுக்கு இருக்குது. எங்கக்காவுக்கும் போர் போடறப்ப எட்டு வயசு. அவளுக்கும் இல்லீங்க."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "பல்லு உள்ள உருவாகற வயசுல குடிச்சிருக்கணும். சரியாத்தான் புடிச்சிருக்கீங்க. இது அழுக்கில்லீங்க சார். தண்ணியில ஃபுளோரைடுன்னு ஒண்ணு அதிகமா இருந்தா இப்பிடி வரும். பாறைய ஆழமாத் தொளைக்கத் தொளைக்க வரலாம். நான் கொண்டுபோய் பாத்துதான் சொல்லணும். ஆனா வெளக்கி இது போகாது." ஹெட்மாஸ்டர் கையிலிருந்த ஸ்கேலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்.

அப்பா கேட்டார், "அப்பிடின்னா... எம் பொண்ணு பல்லு வெளக்கலன்னு நான் தெனமும் திட்டுனது?"

"அது தப்புங்க" என்றார் அவர்.

அப்பா சொம்புத் தண்ணீரை அவரிடமே கொடுத்தார், குடிக்க அல்ல, கொண்டுபோய்ப் பார்க்க. அவர் அதைப் பையிலிருந்த ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டார். அப்பா டிரம்மை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பந்தியில் சாப்பிடக்கூட உட்காராமல் போய்விட்டார்.

அந்த மனிதர் கிளம்பும்போது கேட்டேன், "நீங்க என்னா வேல சார் பாக்கறீங்க?" அன்றைக்கு அவர் வேலையைப் பற்றி அவரிடம் கேட்ட ஒரே ஆள் நான்தான்.

"ஊரூராப் போய் தண்ணி புடிப்பேன். அதுல என்னா கலந்திருக்குன்னு பாத்து எழுதுவேன். அவ்வளவுதாம்மா."

"அதுக்கெல்லாம் சம்பளம் குடுப்பாங்களா சார்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "குடுக்கறாங்க. வர்றியா?"

முதல் பரிசு எரிமலைக்குத்தான். சாயங்காலம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். தூரத்திலேயே தெரிந்தது, போர் மேடையைச் சுற்றித் தெரு சனம் முழுக்கக் குடத்தோடு நிற்கிறது. அப்பா நடுவில் நிற்கிறார். என்னைக் கண்டதும், "ஏறு மேல" என்றார். அடி விழப்போகிறதென்றே நினைத்தேன்.

"எம் பொண்ணு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா" என்றார் அப்பா, கூட்டத்தைப் பார்த்து. "நம்ம தண்ணியப் பத்தி. மொதல்ல கேளுங்க. அப்பறம் என்னத் திட்டறதுன்னா திட்டுங்க."

எனக்கு எப்படி ஆரம்பிப்பதென்றே தெரியவில்லை. மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். "அகமும் முகமும் மலர வருக வருக" என்று தொடங்கிவிட்டேன். தெரு குபீரென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அத்தனை பல்லும் தெரிய. கையால் மூடப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். பிறகு பேசினேன். கடைசிக் குடம் வரை கேட்டது.

எல்லாரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து வருகிற தண்ணீர் கெடுமா என்றார்கள், பொட்டப்புள்ள பேச்சைக் கேட்டு ஆடுகிறான் என்றார்கள். அப்பா யாரோடும் வாதாடவில்லை. மறுநாள் காலையிலேயே வண்டி கட்டி ஏரிக்கரைக் கிணற்றுக்குப் போனார். அங்கே குடிசைக்காரர்களிடம் கேட்டுத்தான் இறைத்தார். அதுவரை அவர்கள் தெருவுக்குள் எங்கள் தெருக்காரர் யாரும் தண்ணீர் கேட்டுப் போனதில்லை. காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லிச் சொல்லி, வேண்டும் என்றவர்கள் வாசலில் எல்லாம் ஊற்றிவிட்டு வந்தார். ஆய்வு முடிவு ஒரு கார்டில் வந்தபோது, நாங்கள் சொன்னது சரி என்றிருந்தது. அதைப் போர் மோட்டார் ரூம் கதவில் ஒட்டினார். அதற்குள் எங்கள் வீட்டின் பெயர் வண்டித்தண்ணி வூடு என்று மாறியிருந்தது. போர்த் தண்ணீர் துணிக்கும் மாட்டுக்கும் என்றானது. தன் பெருமையைத் தானே எழுந்து நின்று கழற்றி வைத்த மனுஷன் எங்கள் அப்பா. இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

சார்ட் பேப்பர் என்ன ஆயிற்று என்று போன மாதம் ஒருவர் கேட்டீர்கள். ஹெட்மாஸ்டர் அறை பீரோ மேல் சுருட்டி வைத்தது, கரையான் தின்றுவிட்டது. ஹெட்மாஸ்டர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காலையில் கேட்டில் நிற்கவில்லை. "அடுத்த வருஷம் வரவேற்புரை நீதான்" என்றார். அடுத்த வருஷம் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது, தொழில் நாளும் அவரோடு போய்விட்டது.

நானும் கடைசி வரை ஊரூராகப் போய்த் தண்ணீர் பிடித்தேன், பார்த்தேன், எழுதினேன். ஏரியூர்ப் பக்கம், பாலக்கோட்டுப் பக்கம் என்று நான் பாட்டில் பிடிக்காத போர் குறைவு. சம்பளமும் கொடுத்தார்கள். குழாயில் காவிரித் தண்ணீர் வந்து, பிள்ளைகள் பல் தெரியச் சிரிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை நம் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி முகாம். இப்போதைய தலைமையாசிரியை என்னை விருந்தினராகக் கூப்பிட்டிருக்கிறார். கேட்டில் கட்ட ஃப்ளெக்ஸ் அடிக்கிறோம், ஒரு போட்டோ அனுப்புங்கள் என்றார். சிரித்த போட்டோ ஒன்றை அனுப்பினேன். நேற்று கடைக்காரப் பையன் அடிப்பதற்கு முன் போனில் மாதிரி அனுப்பினான். பார்த்தால், என் வாயில் யாருடையதோ பல்! பளீரென்று வெள்ளை. நேரே கடைக்கே போய்விட்டேன்.

"பல்லுல கறை இருந்திச்சுங்க மேடம். நான்தான் க்ளீன் பண்ணேன். ஃப்ரீதான்" என்றான் பெருமையாக.

"அது கறை இல்ல தம்பி. நான் வேலைக்குப் போனதே அதாலதான். என் பல்ல எடுத்த எடத்துல வையி" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டினான். என் பழுப்புப் பல் ஒவ்வொன்றும் திரும்பி வந்து உட்கார்ந்தது.

இன்று காலை கட்டிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் ஸ்கேலோடு நின்று ஈ காட்டச் சொன்ன அதே கேட்டில், ஆறடி உயரத்தில் ஈ காட்டிக்கொண்டு நிற்கிறேன். சனிக்கிழமை எல்லாரும் வந்து சேருங்கள். அதே மூன்று வரிசையில் நிற்போம், போட்டோ எடுக்க ஆள் சொல்லிவிட்டேன். அட்மினுக்குக் கொடுக்காப்புளி நான் கொண்டுவருகிறேன்.